பதில் கிடைத்த ஜெபங்கள்

என் கணவருக்குப் பூரண சுகம் கிடைத்துவிட்டது என்ற செய்தி ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, சலவைக் கடை கவுண்டரில் வைத்து எனக்குத் தெரிய வந்தது. அவருக்கு இன்னும் தெரியாது. அவர் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

சொன்னவர் அல்லேலூயா அக்கா. அவருக்கு வேறு பேர் இருக்கத்தான் வேண்டும், ஆனால் சபையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் இருபத்திரண்டையும் இரண்டு பைகளில் திணித்துக்கொண்டு மாதம் ஒருமுறை எங்கள் கடைக்கு வருவார். ஒவ்வொரு அங்கியின் கழுத்துப் பட்டியிலும் நம்பர் துணியைக் குத்தி, கறை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சீட்டில் குறிப்பது என் வேலை. பரிசுத்தவான்களுக்கு எங்கெங்கே வியர்க்கும் என்பது எனக்கு அத்துப்படி. அன்று பதினோராவது அங்கியில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன்.

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! கமுக்கமா இருக்கியே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியா நீ?" என்று கவுண்டரைத் தாண்டி எட்டி என்னைக் கட்டிப்பிடித்தார். ஊசி என் விரலில் ஏறியது.

"என்னத்தக்கா சொல்லணும்?"

"அடக்கத்தைப் பாரேன்! அதான் நேத்து தாள்லயே வந்துடுச்சே. உன் வீட்டுக்காரருக்குச் சுகமாயிடுச்சுன்னு பாஸ்டர் வாசிச்சதும் சபையே கை தட்டுச்சு. நடக்கிறாரா? எத்தனை அடி நடக்கிறாரு?"

நான் விரலை வாயில் வைத்துக்கொண்டேன். அதனால்தான் அந்த நிமிஷம் வாயிலிருந்து வர வேண்டியது எதுவும் வரவில்லை. அக்கா கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். சபையில் வாராவாரம் கொடுக்கும் தாள்தான். உள்ளே இடப்பக்கம் 'ஜெப விண்ணப்பங்கள்', வலப்பக்கம் 'பதில் கிடைத்த ஜெபங்கள்'. ஆறு மாதமாக இடப்பக்கத்தில் இருந்த எங்கள் வரி இப்போது வலப்பக்கம் குடியேறியிருந்தது. 'லிஃப்ட் மெக்கானிக் சகோதரர். முதுகெலும்பு. பூரண சுகம்.'

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பத்தொன்பது வருஷம் அடுத்தவர்களை மேலேயும் கீழேயும் பத்திரமாக அனுப்பி வைத்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், லிஃப்ட் வந்து நிற்காத மூன்றாவது மாடிக் கதவு திறந்துகொள்ள, தானே கீழே போனார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நடப்பது கஷ்டம், ஆனால் உட்காரலாம், கையால் எல்லா வேலையும் செய்யலாம், சக்கர நாற்காலியில் உலகத்தைச் சுற்றலாம் என்று டாக்டர் சொன்னார். ஆரம்பத்தில் அவரும் உட்கார்ந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்தார். பிறகு ஒரு நாள் போதும் என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அது நடந்து இரண்டு மாதம். நாலு ஸ்பூனுக்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. பேச்சும் இல்லை.

பயிற்சி கொடுக்க வரும் பெண்மணி வளவளவென்று பேசுகிற ரகமில்லை. போன வியாழக்கிழமை என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த வாரமும் இப்படியே கிடந்தார்னா நான் ஃபைலை மூடிடுவேன். கோபத்துல சொல்லலை. படுத்தே கிடக்கிறவங்களுக்கு நெஞ்சுல சளி கட்டும், முதுகு புண்ணாகும், அப்புறம் ஒரு காய்ச்சல் போதும். உடம்பு அவரை விடலை. அவர்தான் விட்டுட்டார்."

அதாவது, என் கணவர் செத்துக்கொண்டிருந்தார். அதுதான் பூரண சுகம்.

மதியச் சாப்பாட்டுக்கு எனக்கு அரைமணி நேரம். அன்று சாப்பிடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராகச் சபைக்குப் போனேன். நான் அந்தப் பக்கம் தலைகாட்டி நாலு மாதமாயிற்று. அதற்கு முன்னால் ஆமென் என்று சொன்னால் முதல் வரிசை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொல்கிறவள் நான். என் கணவர் விழுந்த புதிதில் ஆளாளுக்கு வீட்டுக்கு வந்து, ஆப்பிளை வைத்துவிட்டு, "எல்லாத்துக்கும் பின்னால ஒரு திட்டம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திட்டம் என்ன என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். நாலாவது மாதத்தோடு நான் ஆண்டவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சபைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நகல் எடுக்கும் இயந்திரம், ஒரு மேசை, ஒரு ஸ்கேல், முதுகில் வருஷம் எழுதி ஒட்டிய கோப்புகள். நடுவில் செயலர் ஐயா. சரக்கு ஆபீஸ் ஒன்றில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாள் அவர் ராஜ்யம். அடுத்த ஞாயிறுக்கான வரிகளை ஸ்கேல் வைத்து நேராக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் வீட்டுக்காரருக்கு எப்ப சுகமாச்சு?"

அவர் பதறவில்லை. கோப்பைப் புரட்டினார். "போன சனிக்கிழமையோட இருபத்தாறு வாரம் முடிஞ்சுதும்மா."

"என்ன இருபத்தாறு வாரம்?"

"இடப்பக்கம் பன்னிரண்டு வரிதான் கொள்ளும். வாரம் ரெண்டு மூணு புது விண்ணப்பம் வருது. பழசு வழி விட்டாத்தானே? சும்மா எடுத்துட்டா ஆண்டவர் கைவிட்டுட்டார்னு ஆயிடும். அது நல்லா இருக்காது. அதனால இருபத்தாறு வாரம் ஆனதை வலப்பக்கம் கொண்டுபோயிடறது. விசுவாசத்தோட."

"ஆண்டவருக்குக் கெடு வச்சிருக்கீங்களா?"

"எங்க ஆபீஸ்ல முப்பது நாள்தாம்மா கெடு. நான் தாராளமாத்தான் வச்சிருக்கேன்."

இந்த மனிதரை அடிப்பதா, சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கையில் ஸ்கேலோடு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, செய்த வேலையில் ஒரு குறையும் இல்லாதவர் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"பாஸ்டருக்கு இது தெரியுமா?"

"அவர் வந்தே மூணு மாசம்தானே ஆகுது. தாள்ல இருக்கிறதை அழகா வாசிக்கிறார்."

"இந்த வலப்பக்கத்துல நிஜமாவே கிடைச்சவங்க யாராவது இருக்காங்களா ஐயா?"

"ஏன் இல்லாம? நிறைய பேர் இருக்காங்க. கிடைச்சவங்க அவங்களே வந்து சொல்லிடுவாங்க."

"மத்தவங்க?"

ஸ்கேலை மேசை விளிம்போடு சரியாகப் பொருத்தி வைத்தார். "பதினொரு வருஷமா இதைப் பார்த்துக்கறேன். தப்புன்னு வந்து கேட்டது நீ ஒருத்திதான்."

திருத்திப் போடச் சொன்னேன். சபை கை தட்டி ஸ்தோத்திரம் சொன்ன பிறகு இல்லை என்று எப்படிப் போடுவது, ஆண்டவருக்கே தர்மசங்கடம் ஆகாதா என்று கேட்டார். மேலும், வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் சபை முன்னால் நின்று, கிடைத்த சுகத்துக்குச் சாட்சி சொல்வதாகப் பாஸ்டர் எழுதி வைத்துவிட்டாராம். இரண்டாவது பாட்டுக்கு அப்புறம், ஐந்து நிமிஷம். "நேரத்தைத் தாண்டாம பாத்துக்கோம்மா" என்றார். சொல்கிறேன் ஐயா, நறுக்கென்றே சொல்கிறேன் என்று மனதில் நினைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். அன்று சாயங்காலம் வரை நான் தேய்த்த சட்டைகளின் காலர்கள் எல்லாம் தகரம் மாதிரி நின்றன.

வீட்டில் அண்ணி இருந்தார். என் கணவரின் அக்கா. நான் வேலைக்குப் போகும்போது தம்பியைப் பார்த்துக்கொள்கிறவர், ஜெபச் சீட்டை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவர். போகிறவர் என்றால் நேற்றும் போயிருப்பார் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

"அண்ணி, நேத்து இதை வாசிச்சப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

அண்ணிக்கு முகம் மாறியது. மடித்த துண்டை மறுபடி மடித்தார்.

"இருந்தேன்."

"என்ன பண்ணீங்க?"

"கை தட்டினேன்."

"கை தட்டினீங்களா? முந்தின நாள் சாயங்காலம் நீங்களும் நானும் சேர்ந்துதானே அவரைப் புரட்டிப் படுக்க வச்சோம்?"

"எல்லாரும் தட்டினாங்க. கூடப் பொறந்தவ நான் மட்டும் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? விசுவாசத்துல தட்டினேன்னு வச்சுக்கோயேன்!"

"வச்சுக்கறேன். உங்க விசுவாசத்தை எங்க வச்சுக்கறதுன்னுதான் தெரியலை. இந்த வீட்ல மருந்து வைக்கவே இடமில்லை!"

அண்ணி அழ ஆரம்பித்தார். நான் கத்த ஆரம்பித்தேன். இரண்டும் நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில் உள் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன சத்தம்?"

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். ஒன்பது நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. நான் போய்க் கட்டில் அருகே நின்றேன். முதுகுதான் தெரிந்தது. மறைக்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை மிச்சமில்லை. தாளைப் பிரித்து, செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி வாசித்தேன்.

"லிஃப்ட் மெக்கானிக் சகோதரர். முதுகெலும்பு. பூரண சுகம். சபையே கை தட்டிச்சாம். உங்க அக்கா உட்பட."

பிறகு கட்டில் ஆடியது. அவர் தோள் குலுங்கியது. ஏதோ வலிப்பு வந்துவிட்டது என்று நான் பதறி அவரைப் பிடித்துத் திருப்பினால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இருமல் வந்தது, இருமிவிட்டு மறுபடி சிரித்தார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றார். "நான்பாட்டுக்கு விவரம் தெரியாம படுத்துட்டு இருக்கேன்."

எட்டு மாதத்தில் நான் அழாத அழுகை எல்லாம் அப்போது முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. அழுதால் சிரிப்பு நின்றுவிடுமோ என்று பயம்.

"ஞாயித்துக்கிழமை சாட்சி வேற சொல்லணுமாம். நான் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்," என்றேன்.

"நீ எதுக்கு? சுகமானது நான்."

"நீங்க எப்படிப் போவீங்க?"

அவர் மூலையைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலி அங்கேதான் இருந்தது. இரண்டு மாதமாக அதில் நான்தான் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டு வந்தேன். "துண்டை எடு," என்றார்.

இதைக் கேட்டதும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வலப்பக்கத்தில் போட வசதியாக இருக்கும். நடந்தது வேறு. கட்டிலின் தலைமாட்டைக் கைப்பிடி சுற்றிக் கொஞ்சம் உயர்த்தியதுமே அவருக்குக் கண் இருட்டியது. இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். வாந்தி எடுத்தார். அண்ணி ஒரு கையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை, ரத்தம் கீழே இறங்கித் தலை சுற்றாதபடி, கால் இரண்டையும் பட்டைத் துணியால் இறுக்கிச் சுற்றி, வயிற்றுக்குப் பெல்ட் போட்டு ஏற்றினோம். ஏழு நிமிஷம் தாங்கினார். புதன்கிழமை பன்னிரண்டு நிமிஷம். வியாழக்கிழமை ஃபைலை மூடும் எண்ணத்தோடு வந்த பயிற்சிப் பெண்மணி, தலைமாடு உயர்ந்திருக்கிற கட்டிலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு இவருக்கு?"

"சபைக்குப் போய்ச் சண்டை போடணுமாம்."

"போடட்டும். எதுக்காக உக்கார்றார்னு முதுகெலும்புக்குத் தெரியவா போகுது?" என்று சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் சக்கர நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். ஒரு முழுத் தட்டும் சாப்பிட்டார். இதற்கெல்லாம் யாரும் கை தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் போனோம். சபை வாசலில் ஏழு படி. கஷ்டப்படுகிறவர்களே வாருங்கள் என்று உள்ளே கூப்பிடுகிறவர்களுக்கு, கஷ்டப்படுகிறவர் சக்கரத்தில் வந்தால் என்ன செய்வது என்று கட்டும்போது தோன்றியிருக்கவில்லை. பாடகர் குழுவிலிருந்து நான்கு ஆண்கள் ஓடி வந்து நாற்காலியோடு தூக்கினார்கள். அல்லேலூயா அக்கா முன்னால் நடந்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஆம்புலன்ஸ் வேலை பார்த்தார். சக்கரத்தின் கரிய மை பதினாலாம் நம்பர் அங்கியில் நெடுக இழுத்துவிட்டது. அது லேசில் போகாத கறை.

இரண்டாவது பாட்டு முடிந்தது. பாஸ்டர் தாளைப் பார்த்து, "அற்புத சுகம் பெற்ற நம்முடைய சகோதரர்" என்று ஆரம்பித்தார். கைதட்டல் ஆரம்பித்தது. நான் நடுப்பாதையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகப் போக, தட்டல் வரிசை வரிசையாக அடங்கியது. கடைசியில் யாரோ ஒருவர் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன், அண்ணி.

பாஸ்டர் நல்ல மனிதர், பாவம், வெளிறிப் போனார். "சகோதரருக்குப் படிப்படியா சுகம்..." என்று சமாளித்தார்.

"ஏழு படியும் தூக்கிட்டுத்தான் வந்தாங்க பாஸ்டர்," என்றார் என் கணவர். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எனக்குச் சுகமாகலை. இடுப்புக்குக் கீழ நீங்க சுத்தியலால அடிச்சாலும் எனக்குத் தெரியாது. அடிச்சுப் பார்த்துடாதீங்க. போன வாரம் கை தட்டினீங்களாம், நன்றி. தாள்ல இடம் இல்லைன்னு என்னை வலப்பக்கம் மாத்தியிருக்காங்க. எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்தது. ரெண்டு நாள் கழிச்சுத்தான் வயிறு எரிஞ்சுது."

அவருக்கு மூச்சு வாங்கியது. நான் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சாகறதுக்குத்தான் படுத்திருந்தேன். வாய்விட்டு யார்கிட்டயும் சொல்லலை. இவளுக்குத் தெரியும். ஜெபம் எல்லாம் நான் நிறுத்தி ரொம்ப நாளாச்சு. ஆனா, நமக்காக யாரோ இன்னும் கேட்டுட்டு இருக்காங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு இருந்திருக்கு. அந்த வரியை நீங்க எடுத்த அப்புறம்தான் எனக்கே அது தெரிஞ்சுது. அதைப் பிடிச்சுட்டுத்தான் மூச்சு விட்டுட்டு இருந்திருக்கேன். ஆண்டவர் இல்லைன்னு சொன்னா சொல்லட்டும், அது அவர் பாடு. நீங்க கேட்கறதை நிறுத்திடாதீங்க. என்னைத் திரும்ப இடப்பக்கம் போடுங்க. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்."

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. செயலர் ஐயாவுக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

சபையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு பெஞ்ச் கிறீச்சிட்டது. நடு வரிசையில் பேக்கரிக்காரர் எழுந்தார். எப்போதும் எல்லோருக்கும் முதலில் கை கொடுக்கிறவர்.

"என் மகன் குடியை விட்டுட்டதா போன வருஷம் போட்டீங்க," என்றார். "நேத்தும் குடிச்சுட்டுத்தான் வந்தான்." உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து ஒரு டீச்சர். "எனக்குக் குழந்தை உண்டாயிருக்குன்னு வந்தது. எல்லாரும் வாழ்த்து சொன்னீங்க. நான் சிரிச்சு வச்சேன். எத்தனை மாசம்னு ஒருத்தரும் திரும்பக் கேட்கலை." அவர் புருஷன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு எனக்குப் பக்கத்திலேயே ஒரு குரல், நான் அதுவரை கேட்டிராத அளவுக்குச் சின்னக் குரல். அல்லேலூயா அக்கா.

"மார்புல இருந்த கட்டி கரைஞ்சு போச்சுன்னு போட்டாங்க. கரையலை. போன மாசம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தாங்க. நான் போகலை. போனா எனக்கு விசுவாசம் இல்லைன்னு ஆயிடுமேன்னு... அதான் போகலை."

நான் அவரைப் பார்த்தேன். திங்கட்கிழமை கவுண்டரைத் தாண்டி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டது இந்த உடம்பை வைத்துக்கொண்டுதான். எத்தனை அடி நடக்கிறார் என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டது, ஒருத்தருக்காவது நிஜமாகவே கிடைத்திருக்காதா என்றுதான். அந்த ஒரு வாரம் முழுக்க நான் மனதுக்குள் அவரை என்னவெல்லாம் திட்டினேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. போய் அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் கடைக்கு லீவு போட்டுடறேன். விசுவாசத்தை வேணும்னா பையில எடுத்துட்டு வாங்க," என்றேன். அழுகைக்கு நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். எல்லோரையும் சொல்லப் போவதில்லை. அது அவரவர் சங்கதி. எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. இந்த நாலு மாதமும் நான் ஒருத்திதான் பதில் வராதவள், மற்றவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு கை தட்டுகிறவர்கள் என்று எண்ணி வீட்டில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தேன். இங்கே பாதிப் பேர் கைக்கு ஒன்றும் வராமல்தான் வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்து, பாடி, அடுத்தவன் பேருக்கு ஆமென் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர்களை நான் முட்டாள்கள் என்று நினைத்தேன். என்னைவிடத் திடமானவர்கள். இரண்டுமாக இருக்கவும் தடையில்லை.

கடைசியாக எழுந்தவர் செயலர் ஐயா. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, தப்புச் செய்த பிள்ளை மாதிரி நின்றார்.

"முதல் முதல்ல நான் வலப்பக்கம் மாத்தினது என் மக பேரைத்தான்," என்றார். "வீட்டை விட்டுப் போய் பதினொரு வருஷமாச்சு. ஒரு கடுதாசி இல்லை. வாராவாரம் அதே வரியை என் கையால எழுத என்னால முடியலை. வந்துட்டான்னு எழுதினேன். அன்னிக்கு ஒரு நாள் நல்லாத் தூங்கினேன். மத்தவங்களுக்கும் அது உதவும்னு நினைச்சுட்டேன்."

அவரை அடிக்க வேண்டும் என்று நினைத்த அதே கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. பாஸ்டர் பிரசங்கக் காகிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி வந்து கீழே எங்களோடு நின்றார். அவர் வந்ததிலிருந்து செய்த பிரசங்கங்களில் அதுதான் சிறந்தது என்று எல்லோரும் பிற்பாடு சொன்னார்கள்.

செயலர் ஐயா என் கணவரிடம் வந்தார். கோப்பைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். ஆபீஸ் பழக்கம் அவரை விடுமா?

"சொல்லுப்பா. என்னன்னு எழுதறது? பழையபடி நடக்கணும்னா?"

என் கணவர் கோப்பை எட்டிப் பார்த்தார். அவருக்கு வியர்த்திருந்தது. கழுத்து நடுங்கியது. இன்னும் பத்து நிமிஷம் தாங்கினால் பெரிது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நடக்கறது இருக்கட்டும் ஐயா," என்றார். "உயிரோட இருக்கணும்னு எனக்கு நாலு நாளா ஆசையா இருக்கு. ரெண்டு மாசமா அது இல்லை. எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலை. அது போகாம இருக்கணும். அதை எழுதுங்க."

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை தடவை அந்த முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்!

செயலர் ஐயாவின் பேனா தாளுக்கு மேலே நின்றது. இடப்பக்கம் போனது. திரும்பி வலப்பக்கம் வந்தது. பதினொரு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு சிக்கல் அவருக்கு வந்ததில்லை போலிருக்கிறது. நிஜமான கவலையோடு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்ப்பா, இது விண்ணப்பமா, பதில் கிடைச்சதா? எந்தப் பக்கம் போடறது?"

"ரெண்டு பக்கமும் போடுங்க ஐயா!" என்று நான் கத்தினேன். "இடம் பத்தலைன்னா தாளைப் பெருசா வாங்குங்க!"

சொல்லிவிட்டுத்தான் அழுதேன். யார் முதலில் ஆமென் சொன்னது என்று தெரியவில்லை, ஆனால் முதல் வரிசை திரும்பிப் பார்த்தது என்னைத்தான்.